கொயினாவும் மூன்று வேளையும்: மலாயாத் தோட்டப்புற மக்களின் மருந்துப் பழக்கம்

மருந்து கையில் இருந்தும் அதை உட்கொள்ளாமல் விடுவது மக்களிடையே புதிய பழக்கமன்று. ஒருவர் இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் அண்டை வீட்டாருக்கு எழுதித் தந்த மாத்திரை தமக்கும் ஆகும் என்று வாங்கிக்கொள்கிறார். மூன்றாமவர் மருத்துவர் தந்ததை அலமாரியில் வைத்துவிட்டுக் கடைத் தைலத்தைத் தேடுகிறார். ஏன் என்று கேட்டால், விலை, தொலைவு, படிப்பு, பக்கவிளைவு எனச் சுகாதாரத் துறையினர் காரணங்களை அடுக்குவர். அவை அனைத்தும் மெய்யே. அவற்றோடு மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே இவ்வுரையில் நாம் முன்வைக்கும் கருத்து. மருந்து எந்தச் சொல்லோடு வருகிறது, அச்சொல்லை யார் சொல்கிறார், எந்த மொழியில் சொல்கிறார் என்பன, அது தொண்டைக்குள் இறங்குமா இறங்காதா என்பதை முடிவு செய்வனவற்றுள் அடங்கும். இதனைப் பொதுப்படப் பேசிப் பயனில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகளுக்குக் கொயினா கொடுக்கப்பட்ட வரலாற்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் நம்மவர் அத்தோட்டங்களுக்குக் கொண்டுவந்த சொற்களைக் கவனிப்போம். ‘மருந்து’ என்னும் சொல் தமிழில் நோய் தீர்ப்பதை மட்டும் குறிப்பதன்று. வெடிக்கும் தூளும் மருந்துதான். பயிர்ப்பூச்சியைக் கொல்வதும் மருந்துதான். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பவரை ‘மருந்தடிக்கிறவர்’ என்றே இன்றும் சொல்கிறோம். இவற்றினும் அச்சந்தருவது இடுமருந்து. பிறர் அறியாமல் சோற்றில் கலந்து வைத்து ஒருவரை வசப்படுத்துவதோ உருக்குலைப்பதோ அதன் வேலை என்பது நாட்டுப்புற நம்பிக்கை. ‘அவனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்’ என்னும் தொடரைக் கேட்டு எந்தத் தமிழரும் அவனுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று எண்ணமாட்டார். ஆகவே, முன்பின் தெரியாத ஒருவர் காரணம் சொல்லாமல் நம் வாயில் எதையேனும் ஊற்ற வந்தால், அதற்கும் ‘மருந்து’ என்ற பெயரே பொருந்தும். அதனால் எழும் ஐயத்துக்கும் மொழியில் முன்பே இடம் உண்டு.

‘மாத்திரை’ என்பது இன்னும் சுவையான சொல். இலக்கண வகுப்பில் அதை ஒலியின் கால அளவாகக் கற்கிறோம்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் பொழுது, கைந்நொடிக்கும் பொழுது என்று தொல்காப்பியர் அதற்கு அளவை சொன்னார். வடமொழியில் அளவைக் குறித்த சொல், தமிழில் ஒலியளவும் ஆயிற்று. அளந்து உருட்டிய மருந்துக்கும் பெயராயிற்று. மாத்திரை என்றாலே அளவு. இத்தனை சிறிய சொல்லுக்குள் மருந்தியலின் முதற்பாடம் அடங்கியிருப்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட நாம் மறந்துவிடுகிறோம்.

அளவைச் சொல்லும் மொழி, கால எல்லையையும் சொல்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எல்லாரும் அறிந்த பழமொழி. விருந்தாளியைப் பற்றிப் பேசும்போதுதான் அதை எடுத்தாள்கிறோம் என்றாலும், மருந்தைப் பற்றிய ஒரு கொள்கை அதன் அடியில் கிடக்கிறது: நோய் வரும்போது மருந்து வரும், மூன்று நாளில் பலன் தெரியவேண்டும், அதற்கு மேல் நீடித்தால் ஒன்று மருந்து சரியில்லை, அல்லது வைத்தியர் சரியில்லை. மருந்துடன் பத்தியமும் இருக்கவேண்டும். புளியைத் தள்ளு, மீனைத் தள்ளு, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லாத வைத்தியரைப் பழைய தலைமுறையினர் வைத்தியராகவே கருதவில்லை. தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுக்கும் அனுபானமும் உண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதன் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியவை. மருந்தைப் பற்றிப் பேசும்போதும் நம் மரபு சோற்றைப் பற்றியே பேசியது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். வள்ளுவர் அவரை ‘உழைச்செல்வான்’ என்கிறார். இந்த நான்காமவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வரலாற்றில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இனிக் கொயினாவுக்கு வருவோம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளர்ந்த ஒரு மரத்தின் பட்டை, விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. பேருவின் அரசப் பிரதிநிதி ஒருவரின் மனைவியான சின்சோன் சீமாட்டி அதனால் பிழைத்தார் என்றொரு கதை பரவிற்று. அதை நம்பித் தாவரவியலர் லின்னேயஸ் 1742இல் அம்மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். சூட்டும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டார். கதை பொய் என்று பின்னர் அறிஞர்கள் காட்டிவிட்டனர். எழுத்துப்பிழையோடு கூடிய ‘சின்கோனா’ மட்டும் நிலைத்துவிட்டது. பட்டையிலிருந்து மருந்துப் பொருளை 1820இல் பாரிசில் பெல்லத்தியே, காவந்து என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதற்கு இட்ட பெயர், பட்டையைக் குறித்த ‘கினா’ என்னும் பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது ‘குவினைன்’. நம் மக்கள் வாயில் அது ‘கொயினா’. படித்தவர் உச்சரிப்பைவிடப் பாட்டாளியின் உச்சரிப்பே மூலத்துக்கு அண்மையில் நிற்பது மொழி வரலாற்றில் அவ்வப்போது நேரும் வேடிக்கை.

அம்மரத்தை 1860களில் ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நம் நாட்டவர் அறிந்துகொள்ளவேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால் சீனக் கைதிகள் பலர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நடுவட்டத்தில் சிறைவைக்கப்பட்டுச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டனர். விடுதலையான பின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டதை எட்கர் தர்ஸ்டன் பதிந்துள்ளார். மலாயாவுக்குத் தமிழர் மரம் வளர்க்க வந்ததை நாம் அறிவோம். நம் கரையிலிருந்து சென்றவர்கள் தமிழ் மலையில் மருந்துமரம் வளர்த்ததை அறிந்தவர் சிலரே.

ஆயினும் உலகச் சந்தையைக் கைப்பற்றியது நீலகிரி அன்று, ஜாவா. சார்ல்ஸ் லெட்ஜர் என்பவர் பொலிவியாவிலிருந்து திரட்டிய விதைகளை ஆங்கில அரசு ஏற்க மறுக்க, 1865இல் டச்சுக்காரர் வாங்கினர். அவ்விதைகளைத் தேடித் தந்தவர் மானுவல் இன்க்ரா மமானி என்னும் பழங்குடியினர். அவ்வினத்தின் பட்டையில் கொயினாச் சத்து மிகுதி. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகக் கொயினாவில் மிகப் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே வந்தது.

இந்தியாவில் மருந்தை மக்களிடம் சேர்ப்பதற்கு ஒரு வழி கண்டார்கள். வங்காளத்தில் 1892 முதல் கொயினாத் தூளைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் காலணா விலைக்கு அஞ்சலகத்தில் விற்றார்கள். பிற மாகாணங்களும் இம்முறையைப் பின்பற்றின. விலையும் தொலைவும் ஒருசேரக் குறைந்தன. எனினும் கொயினாவை மக்கள் தாமாகப் பெருமளவில் நாடவில்லை என்பதே அக்கால மருத்துவ அதிகாரிகளின் இடையறாத புலம்பல். மலிவாக்கினால் மக்கள் வாங்குவார்கள் என்ற கணக்கு பாதிதான் பலித்தது. பொட்டலத்தைக் கொடுத்த அஞ்சலகம், உடனிருந்து கொடுக்கும் நான்காமவரைக் கொடுக்கவில்லை.

இப்போது மலாயா. ரப்பர் விலை 1910ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே காடுகள் விரைந்து அழிக்கப்பட்டுக் கித்தா நடப்பட்டது. கங்காணிகள் வழியே சென்னை மாகாணத்திலிருந்து ஆள்கள் திரளாக வந்தனர். வந்தவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. கிள்ளானில் 1901இல் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து நகரைக் காத்தார். அவர் 1911இல் வெளியிட்ட நூல் மலேரியா ஒழிப்பு வரலாற்றில் முன்னோடி நூல்களுள் ஒன்று. கடலோரச் சதுப்பில் வென்ற முறை மலைப்பாங்கான இடங்களில் வெல்லவில்லை என்பதையும் அவரே கண்டறிந்தார். காரணம் கொசுவின் இயல்பு. மலைப்பகுதியில் நோயைப் பரப்பும் அனாபிலிஸ் மேக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காடு இருந்தவரை ஓடை நிழலில் கிடந்தது. மரத்தை வெட்டியதும் வெயில் விழுந்தது, கொசு பெருகிற்று. அதாவது, காய்ச்சல் காட்டிலிருந்து வரவில்லை. காட்டை அழித்த தோட்டமே அதைக் கொண்டுவந்தது. இதை அன்றைய பாட்டாளிக்கு யாரும் தமிழில் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மண்ணின் தண்ணீரும் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே.

வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் செலவு மிக்கவை. ஆகவே பல தோட்டங்கள் கொயினாவை நம்பின. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குத் தோட்டத் தமிழில் பெரட்டுக்களம் என்று பெயர். ‘பரேட்’ என்பதன் திரிபு அது. அக்களத்தில் வரிசையில் நிற்கவைத்துக் கொயினாவை வாயில் ஊற்றுவதோ விழுங்கச் செய்வதோ வழக்கமாயிற்று. இங்கேதான் நாம் நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் இதில் கொடுக்கப்பட்டது நோயாளிக்கு மட்டும் அன்று. நலமாக நிற்பவருக்கும் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் வராமல் இருக்க மருந்து உண்பது என்பது, நாம் மேலே கண்ட சொல்லுலகத்தில் இடமில்லாத செயல். நோயில்லாதவருக்கு எதற்கு மருந்து? மூன்று நாளுக்கு மேல் எதற்கு? பத்தியம் எங்கே? அளவு ஆளுக்கு ஆள் மாறவேண்டாமா? இந்நான்கு கேள்விகளுக்கும் பெரட்டுக்களத்தில் விடை இல்லை. அங்கே இருந்தது கட்டளை.

கசப்பும் ஒரு காரணமே; அதைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. நாவில் பட்டவுடன் குமட்டும் கசப்பு அது. தொடர்ந்து உண்டால் காதில் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும், சிலருக்குக் காது மந்தமாகும். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் பால்மரம் வெட்டப் போகிறவருக்குத் தலைச்சுற்றல் சிறிய இடையூறன்று. அன்றைய பால் குறைந்தால் கூலியும் குறையும். கருவுற்ற பெண்கள் இதனால் கரு கலையும் என்று அஞ்சினர். இவ்வச்சம் உலகின் பல பகுதிகளில் பரவியிருந்தது. மிகுந்த அளவில் உண்டால் அதற்கு அடிப்படையும் உண்டு. ‘சூட்டு மருந்து’ என்ற வகைப்பாட்டுக்குள் கொயினா இயல்பாகவே போய் அமர்ந்தது. வெயிலில் வேலை செய்யும் உடம்புக்கு மேலும் சூடா என்று கேட்பவரை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அவர் கேட்டது தம் மருத்துவ மரபுக்குள் முற்றிலும் முறையான கேள்வி. விடை சொல்ல அம்மரபு அறிந்த ஒருவர் களத்தில் இல்லை என்பதே குறை.

ஆகவே வாயில் அடக்கி வைத்திருந்து, கண்காணிப்பவர் நகர்ந்ததும் துப்புவது எங்கும் நடந்தது. தோட்ட நிருவாகத்தின் ஆங்கிலக் குறிப்புகள் இதனைச் சோம்பல், பிடிவாதம் என்னும் சொற்களால் குறித்தன. வாட்சன் போன்றோர் எண்ணிப் பார்த்தது வேறு வகையானது. குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார்கள்; நம்மவர் ‘காய்ச்சற்கட்டி’ என்றது இதனையே. கொயினாவை மட்டும் நம்பிய இடங்களில் நோய் அழியவில்லை என்பது அக்கணக்கெடுப்புகளால் தெளிவாயிற்று. மருந்து உயிரைக் காத்தது, வேலைக்கு ஆளை எழுப்பியும் விட்டது. நோயின் வேரை அது தொடவில்லை. கொயினாவைத் துப்பியவரைக் குற்றம் சொன்ன நிருவாகங்களுள் எத்தனை, ஓடைக்குச் செலவிட மனமில்லாமல் மருந்துப் புட்டியின் பின்னால் ஒதுங்கின என்பதும் கேட்கத்தக்க கேள்வி. செலவைப் பாட்டாளியின் தொண்டைக்கு மாற்றிவிடுவது எளிது.

சட்டப்படி தோட்ட முதலாளி மருத்துவ வசதி செய்து தரவேண்டும். தோட்ட ஆஸ்பத்திரிகள் எழுந்தன. அவற்றுள் நாள்தோறும் மக்களைக் கண்டவர் மருத்துவர் அல்லர், டிரெஸர். புண்ணைக் கழுவி, மருந்தைக் கலக்கி, ஊசி போட்டு, ‘இவனுக்குக் காய்ச்சல் உண்மை’ என்று துரையிடம் சான்று சொல்பவரும் அவரே. வள்ளுவர் சொன்ன நான்காமவர் இவர்தான். ஆனால் இந்த நான்காமவர் இரண்டு எசமானர்களுக்கு இடையில் நின்றார். விடுப்புக் கொடுத்தால் துரை முகம் சுளிப்பார். கொடுக்காவிட்டால் லயத்தில் பெயர் கெடும். ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே டிரெஸரிடம் செல்வதே பலருக்கு இறுதி வழியாயிற்று. இறுதியில் சென்றவர்கள் இறப்பதைக் கண்ட மற்றவர்கள், ஆஸ்பத்திரியே சாகும் இடம் என்று முடிவு கட்டினர். தாமதம் அச்சத்தை வளர்த்தது. அச்சம் தாமதத்தை வளர்த்தது.

டிரெஸர்களுள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. படித்தது ஆங்கிலத்தில், பேசியது தம் ஊர்ப் பேச்சில், கேட்டவர்கள் சேலத்திலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள். ஒரே மொழிக்குள்ளும் மருந்துப் பேச்சு வழுக்கும். யாழ்ப்பாணத்தைப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்கமுடியாது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவ மிஷனரி, மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, பேறுகாலம், வேதியியல் என ஒவ்வொன்றுக்கும் தமிழ் நூல் அமைத்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்புகளே அவர் உழைப்பின் பரப்பைக் காட்டும். அவர் மாணவர்கள் தம் ஊரில் தம் மக்களிடம் தமிழில் மருத்துவம் பேசினர். கிறீன் ஊர் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அரசுப் பணிக்கு ஆங்கிலமே வாயில் என்று ஆனபின் மாணவர் வரவில்லை. சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தில் அமைந்ததே. மலாயாத் தோட்டத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் கையில் கிறீனின் கலைச்சொற்கள் இருந்திருந்தால் பெரட்டுக்களத்தில் என்ன மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கேள்விக்கு விடை சொல்ல ஒரு மொழியாவது இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நம் மக்கள் மருந்தை வெறுத்தவர்கள் அல்லர். கட்டளையாக வந்த கொயினாவைத் துப்பிய அதே கை, கடையில் காசு கொடுத்துத் தைலம் வாங்கிற்று. சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய நிறுவனம் ஒன்றின் நீலகிரித்தைல, புதினாச் சத்து மணக்கும் எண்ணெய், புட்டியில் கோடாலிப் படத்தோடு வந்தது. சீன எழுத்தோ ஆங்கில எழுத்தோ தெரியாதவருக்கும் கோடாலி தெரியும். மலாயில் அது ‘சாப் காப்பாக்’. தமிழில் ‘கோடாலித் தைலம்’. ரங்கூனிலிருந்து சிங்கப்பூர் வந்த ஆவ் குடும்பத்தாரின் தைலத்துக்குப் புலி. பல மொழி வழங்கும் துறைமுகத்தில் வணிகர்கள் கண்டுகொண்ட உண்மையை, மருந்துச் சீட்டு எழுதியோர் கண்டுகொள்ளவில்லை: எழுத்தறியாதவரும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியதாக மருந்து இருக்கவேண்டும். ஊர் திரும்பும் பயணியின் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாமல் இருக்காது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சிங்கப்பூர் என்ற பெயர் முதலில் மூக்கின் வழியாகவே சென்று சேர்ந்தது.

சின்சேயிடமும் சென்றார்கள், போமோவிடமும் சென்றார்கள். இவர்கள் நோயாளியின் கையைப் பிடித்தார்கள், எங்கே பிறந்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள், எதைச் சாப்பிடக்கூடாது என்று சொன்னார்கள். மொழி வேறாயினும் பத்தியத்தின் இலக்கணம் ஒன்றே. மேலை மருத்துவத்தில் மக்கள் விரும்பி ஏற்ற ஒன்றையும் சொல்லவேண்டும்: ஊசி. புரு என்று மலாய் மக்கள் அழைத்த புண்நோய்க்குச் சல்வர்சான் வகை ஊசி வந்தபோது, ஓரிரு ஊசியில் உடலெங்கும் இருந்த புண் ஆறிற்று. கிராமங்களில் மக்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள். பெரட்டு வரிசை அன்று அது, தேடிவந்த வரிசை. கண்ணால் காணும் பலன் மூன்று நாளில் தெரிந்தால் எந்தப் பிரசாரமும் வேண்டியதில்லை. இன்றும் முதியோர் பலர் ‘ஊசி போடவில்லையா?’ என்று குறைபட்டுக் கேட்பதன் வேர் இங்கே இருக்கலாம் என்பது நம் கருத்து.

பிறகு போர் வந்தது. ஜாவா 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைக்கு மாறிற்று. உலகின் கொயினாக் களஞ்சியம் அவர்கள் வசமாயிற்று. நேச நாடுகள் மாற்று மருந்தைத் தேடி அலைந்தன. களஞ்சியத்தை வைத்திருந்தவர்களின் ஆட்சியில்தான், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே மலேரியாவாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். மருந்து உலகில் இல்லாமல் இறக்கவில்லை. அவர்களிடம் சேர்க்கத் தக்கவர்கள் என்று யாரும் அவர்களைக் கருதாமல் இறந்தனர். பெரட்டுக்களத்தில் துப்பிய தலைமுறை, சயாமில் ஒரு மாத்திரைக்கு ஏங்கிற்று. மருந்துப் பயன்பாட்டை மக்களின் மனப்போக்காக மட்டும் ஆராய்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும்.

போருக்குப் பின் பலூட்ரின் வந்தது. கசப்பு குறைவு, காதிரைச்சல் இல்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தார் இங்கேயே அதனைச் சோதித்தனர். சில ஆண்டுகளிலேயே அம்மருந்துக்கு அசையாத மலேரியாக் கிருமி மலாயாவில் தோன்றிவிட்டதை அவர்களே 1950 வாக்கில் அறிவித்தனர். மருந்து பழகினால் மனிதர் மட்டுமன்று, கிருமியும் பழகிக்கொள்கிறது.

மலேரியா இன்று நம் மாணவர்களுக்குப் பாடநூற் சொல்லாகிவிட்டது. பெரட்டுக்களத்தின் கேள்வி மட்டும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. மலேசியாவில் 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு; இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. சிங்கப்பூர் அரசு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இரத்த அழுத்தமும் அப்படியே. இந்நோய்களுக்கான மாத்திரை, வலியில்லாதவர் உண்ணும் மாத்திரை. மூன்று நாளில் முடியாத மாத்திரை. பலன் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை. கொயினாவிடம் நம் முன்னோர் கேட்ட கேள்விகளையே பாட்டி இன்று மெட்ஃபோர்மினிடம் கேட்கிறார். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், இதை எதற்கு விழுங்குவது?’ ‘ஒருமுறை தொடங்கினால் விடமுடியாதாமே?’ ‘சிறுநீரகத்துக்குச் சூடாமே?’ மாத்திரை இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ அரசு மருந்தகத்தில் கிடைக்கிறது. மருந்தகமும் பேருந்து தொலைவில் இருக்கிறது. காலணாப் பொட்டலத்தின் கணக்கு மீண்டும் பாதிதான் பலிக்கிறது.

சீட்டிலுள்ள மொழிக்கு இங்கே வருகிறோம். மலாயில் ‘தீகா காலி சஹாரி’ என்று இருக்கும். ஆங்கிலத்திலும் நாளுக்கு மும்முறை என்றே இருக்கும். பேரப்பிள்ளை அதைத் தமிழாக்கி ‘மூன்று வேளை’ என்கிறான். தடவை என்பது எண். வேளை என்பது சோறு. வேளை என்ற சொல் வந்தவுடன் மருந்து உணவோடு கட்டுண்டுவிடுகிறது. பால்மரம் வெட்டிப் பழகிய உடம்புக்கு மூன்று வேளை எது? இருட்டில் ஒரு தேநீர், முற்பகலில் பசியாறல், வேலை முடிந்து பிற்பகலில் சோறு, இரவில் மிஞ்சியது. பசியாறலையும் பகற்சோற்றையும் அடுத்தடுத்துக் கொள்பவர், எட்டு மணிக்கொரு முறை உண்ணவேண்டிய மருந்தை மூன்று மணி இடைவெளியில் இருமுறை விழுங்குவார். விரத நாளில் ஒருவேளை உண்பவர் ஒருமுறை விழுங்குவார். இருவரும் சீட்டை மீறவில்லை. தமிழாக்கத்தைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தவர்கள்.

‘வெறும் வயிற்றில்’ என்பதும் அப்படி. தேநீர் குடித்தால் வயிறு வெறும் வயிறா இல்லையா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். தோட்டத்துத் தமிழில் தேநீர் உணவுக் கணக்கில் வருவதில்லை; பாலும் சீனியும் கலந்திருந்தாலும் அப்படியே. ‘வேண்டும்போது’ என்பதை ‘வலிக்கும்போது’ என்று எழுதினால் என்ன குறை? அரசுத் துறைகளும் மருத்துவமனைகளும் இப்போது தமிழில் குறிப்பேடுகள் வெளியிடுவது வரவேற்கத்தக்கது. அவற்றை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவரிடம் கொடுத்து, இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்பதே உரிய சோதனை. இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை; உயர்நிலை வகுப்பு மாணவர்கள் தத்தம் வீட்டில் செய்யலாம். உடனிருந்து மருந்து கொடுக்கும் நான்காமவர் இன்று பெரும்பாலும் அவர்களே.

அப்படிச் செய்யும் மாணவர் முதலில் கவனிக்கவேண்டிய தொடர் ஒன்றைச் சொல்கிறோம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் உறையில், கொடுத்ததை முழுமையாக உண்டு முடிக்கவேண்டும் என்ற பொருளில் ‘ஹாபிஸ்கான்’ என்று மலாயில் அச்சிட்டிருப்பார்கள். அதை ‘தீரும்வரை சாப்பிடவும்’ என்று தமிழாக்கினால் இலக்கணப்பிழை எதுவும் இல்லை. ஆனால் தீருவது எது? தமிழில் எழுவாயைத் தொக்கவைப்பது இயல்பு. நோயும் தீரும், மருந்தும் தீரும், இரண்டுக்கும் வினை ஒன்றே. காய்ச்சல் தணிந்த மறுநாளே நோய் தீர்ந்தது என்று நிறுத்திவிடுபவர், தம் மொழியைச் சரியாகவே படித்தவர். உறையில் எஞ்சிய நான்கு மாத்திரைகள் அடுத்த காய்ச்சலுக்கு, அல்லது அண்டை வீட்டாருக்கு. ‘மருந்து தீரும்வரை’ என்று எழுத, உறையில் ஒரு சொல்லுக்கு மட்டுமே கூடுதலாக இடம் வேண்டும்.